கச்சேரியில் எதை மாற்றினால் எது மாறும்?

ஒவ்வொரு மார்கழியிலும் இரண்டு வகைக் கட்டுரைகள் தவறாமல் வரும். ஒன்று, கர்நாடக இசை கேட்க இளைஞர்கள் வருவதில்லை, முன்வரிசையெல்லாம் நரைத்த தலைதான் என்று வருத்தப்படும். இன்னொன்று, புதுமை என்ற பெயரில் மரபைக் கெடுக்கிறார்கள் என்று கோபப்படும். இரண்டையும் பல வருஷமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். இரண்டுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாம் இப்போது பார்க்கும் கச்சேரி, அதாவது ஒரு அரங்கம், ஒரு மேடை, மைக், இரண்டரை மணி நேரம், வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் வரிசை, இதுதான் காலங்காலமாக இருந்துவரும் மரபு என்ற நம்பிக்கை.

நான் பாடுகிறவன் இல்லை, கேட்கிறவன். கச்சேரி என்ற ஏற்பாட்டின் வரலாற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் குறித்துவைத்துக்கொள்கிறவன். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தியபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ராகம், தாளம், கீர்த்தனை இதெல்லாம் இசை. கச்சேரி என்பது அந்த இசையைக் கேட்பதற்கு மனுஷங்க செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு வயசு சுமார் 100 வருஷம்தான். அது பிறந்தபோது அதுவே பெரிய புதுமை. அதனால் "கச்சேரியை மாற்றலாமா" என்று கேட்பதைவிட, "எந்தப் பாகத்தை மாற்றினால் என்ன கிடைக்கும், எது கையை விட்டுப் போகும்" என்று கேட்பது பயனுள்ளது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் முயற்சி.

கச்சேரிக்கு முன்னால்

முதலில் வார்த்தையைப் பாருங்க. கச்சேரி என்றால் அலுவலகம், நீதிமன்றம். தாலுகா கச்சேரி என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். பாட்டு நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இசைக்கான சொல்லே பழையது இல்லை.

அதற்கு முன்பு இந்த இசை எங்கே கேட்டது? கோயிலில், அரண்மனையில், செல்வந்தர் வீட்டுக் கல்யாணத்தில், சதிரில், ஹரிகதையில். சாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் மல்லாரியில் தொடங்குவார். நாலு வீதியும் சுற்றி வருவதற்குள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துவிடுவார். கூட்டம் கூடவே நடக்கும், நிற்கும், உட்காரும், வீட்டுக்குப் போய்த் திரும்பியும் வரும். யாரும் டிக்கெட் வாங்கவில்லை, யாரும் நாற்காலியில் இல்லை. இன்னொரு பக்கம், வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். சின்ன அறை, சில பேர். வீணையின் சன்னமான நாதத்தைக் கேட்க எல்லாரும் மூச்சடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு வீதியும் அந்த ஒற்றை அறையும் ஒரே இசைமரபின் இரண்டு வீடுகள். இரண்டிலும் கேட்கும் விதம் முழுக்க வேறு.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் சபாக்கள் தோன்றின. மன்னர்களும் ஜமீன்தார்களும் கலைஞர்களைத் தாங்கும் சக்தியை இழந்துகொண்டிருந்தார்கள். பட்டணத்தில் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள் என்று ஒரு புதிய கூட்டம் உருவாகியிருந்தது. ஒருத்தரால் ஒரு வித்துவானை ஆதரிக்க முடியாது. நூறு பேர் சேர்ந்து சந்தா கட்டினால் முடியும். சபா என்பது அந்தச் சந்தா ஏற்பாடுதான். சந்தாதாரர் ஆபீஸ் போகிறவர், அதனால் நிகழ்ச்சி சாயங்காலம். நூறு பேர் உட்கார வேண்டும், அதனால் அரங்கம்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு சேர்த்து அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி, 1928-இல். டிசம்பர் சீசன் என்று இன்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. மார்கழி பஜனைக்கு உரிய மாதம் என்பது உண்மைதான். ஆனா சபா சீசன் டிசம்பரில் வேரூன்றியதற்கு, அந்த மாநாடும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் முக்கியமான காரணங்கள்.

சரி, அரங்கமும் நேரமும் வந்தாச்சு. அந்த நேரத்துக்குள் என்ன பாடுவது? இங்கேதான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வருகிறார். இன்று நாம் பார்க்கும் கச்சேரிப் பத்ததியை நிலைநாட்டியவர் என்று இசைவரலாற்றில் அவரைத்தான் சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கிக் குரலைச் சூடாக்குவது, சில விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவே விஸ்தாரமான ஒரு ராகம், பிரதான உருப்படி, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், ராகம் தானம் பல்லவி, கடைசியில் பதம், ஜாவளி, தில்லானா, திருப்புகழ் மாதிரித் துக்கடாக்கள், மங்களம். கேட்பவரின் பார்வையிலிருந்து யோசித்தால் இது மிகக் கச்சிதமான வடிவமைப்பு. தேர்ந்த ரசிகருக்குப் பல்லவி இருக்கிறது. பாட்டை மட்டும் ரசிக்கிறவருக்குக் கீர்த்தனை இருக்கிறது. கூட வந்தவருக்குத் துக்கடா இருக்கிறது. யாரும் ரொம்ப நேரம் சலித்துப்போய் உட்கார வேண்டியதில்லை. புதிய கூட்டத்துக்கு ஏற்ற புதிய வடிவம். இன்றைக்கு அதை மரபு என்கிறோம்.

ஐந்து பாகங்கள்

என் குறிப்புகளில் கச்சேரியை ஐந்து பாகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: ஒலி, வரிசை, நேரம், கட்டணம், வாசல். கடைசியாகச் சொன்ன வாசல் என்பது நிகழ்ச்சி எங்கே நடக்கிறது, யார் உள்ளே வர முடியும், யார் மேடை ஏற முடியும் என்பது. புதுமையான கச்சேரி, புதுமையான விழா என்று சொல்லப்படுபவற்றை எடுத்துப் பார்த்தால், நிலைத்து நின்றவை எல்லாம் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றை மாற்றியவை.

ஒலி. 1930-களில் மைக் பரவலாக வந்தது. அதற்கு முன் பாடகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று உயர்ந்த சுருதியில், தொண்டையைத் திறந்து பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டால் அந்தக் காலத்துக் குரல் எப்படி இருந்தது என்று புரியும். மைக் வந்த பிறகு சுருதி இறங்கியது. மென்மையான குரலுக்கும் மேடை கிடைத்தது. நுணுக்கமான கமகம் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. பெரிய அரங்கங்கள் கட்ட முடிந்தது. இது பெரிய லாபம்.

விலை என்ன? வீணையின் இயல்பான நாதத்தை இன்று அரங்கில் கேட்பது அபூர்வம். கேட்பது பெரும்பாலும் பிக்கப் வழியாக வரும் வேறொரு ஒலி. மேடையில் ஒவ்வொருத்தரும் சவுண்ட் ஆளைப் பார்த்து விரலை மேலே காட்ட, மொத்த ஒலியும் ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு எதிர்த் திசையிலும் முயற்சிகள் உண்டு. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மைக் இல்லாமல் நடக்கும் கச்சேரிகள் அப்படிப்பட்டவை. பாடுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். நடைப்பயிற்சிக்கு வந்தவர் அப்படியே நின்று கேட்டுவிட்டுப் போகலாம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கேட்கிறவர்களின் எண்ணிக்கை கட்டாயம் குறையும். தூரமும் குறையும். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

வரிசை. எந்தப் பாட்டு எங்கே வருகிறது என்பது வெறும் நிகழ்ச்சி நிரல் விவகாரம் போலத் தோன்றும். உண்மையில் எது உசத்தி, எது சாதாரணம் என்பதை வரிசைதான் சொல்லிக்கொடுக்கிறது. தமிழிசை இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943-இல் சென்னையில் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முன்முயற்சியில் தமிழ் இசைச் சங்கம். அந்த இயக்கத்தின் குறைகளில் முக்கியமானது, தமிழ்ப் பாட்டு மேடையில் இல்லை என்பதைவிட, அது கடைசியில் துக்கடாவாக வருகிறது என்பதுதான். பிரதான இடம் தெலுங்குக்கும் சம்ஸ்கிருதத்துக்கும் போனது. தமிழ் இசைச் சங்கம் செய்தது என்னவென்றால், தமிழ்ப் பாட்டை நடு இடத்தில் வைக்கிற ஒரு தனி விழாவையே உருவாக்கியது. அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. சஞ்சய் சுப்ரமணியன் 'தமிழும் நானும்' என்ற தலைப்பில் முதலிலிருந்து கடைசிவரை தமிழிலேயே பாடும்போது, அதே வரிசையைத்தான் வேறு வழியில் மாற்றுகிறார். கச்சேரி வடிவம் அப்படியே இருக்கிறது, அதன் நடு இடத்தில் இருக்கும் மொழி மாறியிருக்கிறது.

டி.கே. பட்டம்மாள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடியதும் இந்த வகைதான். பல்லவி என்பது ஆண் வித்துவான்களின் களம் என்று நினைத்திருந்த காலத்தில், தன் வரிசையில் அதைச் சேர்த்துக்கொண்டார். டி.எம். கிருஷ்ணா வர்ணத்தை நடுவில் வைத்துப் பாடுவது, பிரதான உருப்படி என்ற ஒன்றே வேண்டாம் என்பதுபோல் கச்சேரியை அமைப்பது, ஆலாபனையை மட்டும் பாடிவிட்டுக் கீர்த்தனை இல்லாமலே அடுத்ததற்குப் போவது, இவையெல்லாம் அரியக்குடி வரிசையைக் கலைத்துப்போட்டுப் பார்க்கும் சோதனைகள். இதில் விலையும் உண்டு. பழகிய ரசிகருக்கு வரிசைதான் கைப்பிடி. "இதோ வர்ணம், அடுத்து பிள்ளையார் பாட்டு" என்று தெரிந்திருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சிலர் தவித்துப்போவார்கள். அதை மரியாதைக்குறைவு என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இங்கே என் சொந்தக் கவனிப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஜனங்க எழுந்து வெளியே போவதைப் பற்றி எல்லாரும் புலம்புவார்கள். மிருதங்கக்காரருக்கு அவமரியாதை, ரசனை இல்லாத கூட்டம் என்று. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சினிமாவுக்கு இடைவேளை உண்டு. நாடகத்துக்கு உண்டு. மேற்கத்திய இசைக் கச்சேரிக்கும் உண்டு. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு மட்டும் இடைவேளையே கிடையாது. பார்வையாளர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வெளியே கேன்டீனில் அடை அவியல் வாசனை. மனுஷன் எப்போதாவது எழுந்துதானே ஆகவேண்டும்? வாய்ப்பாட்டு நின்றிருக்கும் ஒரே நேரம் தனி ஆவர்த்தனம். அதையே இடைவேளையாக ஆக்கிக்கொண்டார்கள். இதை ரசனைக் குறைவு என்று மட்டும் சொல்வதைவிட வடிவமைப்பின் ஓட்டை என்று பார்க்கலாம். தனிக்கு முன்னால் பத்து நிமிஷம் இடைவேளை விட்டு, திரும்பி வந்ததும் தாளவாத்தியத்திலிருந்தே தொடங்கினால் என்ன ஆகும்? விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாத மாற்றம் இது. பலன் நேராக மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் போகும்.

நேரம். சீசன் என்பது நேரத்தைக் குவிக்கும் ஏற்பாடு. ஒரு மாதத்துக்குள் நூற்றுக்கணக்கான கச்சேரிகள். வெளிநாட்டில் இருப்பவர் லீவு போட்டு வந்து தினமும் மூன்று கேட்கலாம். ஊரே இசையில் இருக்கும். குவித்ததால் ஒரே மாலையில் ஐந்து நல்ல கச்சேரிகள் மோதிக்கொள்கின்றன. கூட்டம் பிரிகிறது. பாடகரின் தொண்டையும் களைத்துப்போகிறது.

வெளியூரில் விழா வைக்கிறவர்கள் நேரத்தை அந்த ஊர் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனை 1978-இல் தொடங்கியது. அது நடப்பது ஈஸ்டரை ஒட்டிய நாட்களில், திருவையாற்று ஆராதனை நடக்கும் திதியில் அல்ல. அப்போதுதான் குடும்பங்கள் காரில் வந்து சேர முடியும். வெறும் கச்சேரி மட்டும் வைக்காமல், பிள்ளைகளுக்கான போட்டிகளையும் முக்கியமாக்கினார்கள். ஒரு பிள்ளை போட்டிக்கு வந்தால் அப்பா, அம்மா, குரு எல்லாரும் வருவார்கள். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை பயிற்சி செய்ய ஒரு தேதி கண்முன்னால் இருக்கும். விழாவின் பலன் விழா நாட்களைத் தாண்டி நீள்வது இப்படித்தான்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் கிரண் சேத் 1977-இல் தொடங்கிய ஸ்பிக் மேக்கே இயக்கம் வேறு வழி. கேட்பவர் அரங்கத்துக்கு வரும்வரை காத்திருக்காமல், கலைஞரைக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் அழைத்துப் போனது. இரவு முழுக்க நடக்கும் கச்சேரிகளையும் மாணவர்களுக்கு அறிமுகம் செய்தது. பம்பாய் ஜெயஸ்ரீயும் டி.எம். கிருஷ்ணாவும் முன்னின்று சென்னையில் நடத்திய ஸ்வானுபவா விழாவும் மாணவர்களை மையமாக வைத்ததுதான். பகலில், இலவசமாக, கச்சேரியோடு உரையாடலும் சேர்த்து.

கட்டணம். இதற்கு லண்டனில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நம்ம சபாக்கள் முளைத்துக்கொண்டிருந்த அதே காலம். 1895 ஆகஸ்ட் 10 அன்று குவீன்ஸ் ஹால் என்ற அரங்கத்தில் ராபர்ட் நியூமன் என்ற நிர்வாகியும் ஹென்றி வுட் என்ற நடத்துநரும் சேர்ந்து ஒரு தொடரைத் தொடங்கினார்கள். இன்று 'பிராம்ஸ்' என்று உலகம் முழுக்கத் தெரிந்த விழா அது. நின்றுகொண்டு கேட்கிறவர்களுக்கு ஒரு ஷில்லிங்தான் டிக்கெட். சாப்பிடலாம், குடிக்கலாம், புகைகூடப் பிடிக்கலாம். நியூமனின் திட்டம் எளிமையானது. முதலில் ஜனங்களுக்குப் பிடித்த லேசான உருப்படிகள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனமானவை. 1927-இல் பி.பி.சி. அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. 1941-இல் குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் அழிந்தபோது ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறியது. இன்றும் நின்று கேட்பவருக்கு மலிவு டிக்கெட் உண்டு. அந்த இடம் மேடைக்கு நேர் எதிரே இருக்கும் தளம். மலிவு டிக்கெட் வாங்கியவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளவில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது.

நம்ம ஊரில் மத்தியானக் கச்சேரி இலவசம், மாலைக் கச்சேரிக்கு டிக்கெட். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இலவசம் என்றால் யாரோ ஒருத்தர் செலவை ஏற்கிறார் என்று அர்த்தம். மத்தியானம் பாடும் இளம் பாடகருக்குக் கிடைப்பது பல நேரங்களில் ஆட்டோ செலவுக்கும் பக்கவாத்தியக்காரருக்குக் கொடுப்பதற்கும் காணாது. வாய்ப்புக்காக அவரே ஸ்பான்சர் தேடிக் கொடுக்கவேண்டிய நிலை சில இடங்களில் இருக்கிறது என்பது நெடுநாளாக வெளிப்படையாகப் பேசப்படும் குறை. அப்படிப் பார்த்தால் அந்த இலவசத்துக்குப் பணம் கொடுப்பது மேடையில் இருப்பவர். கேட்பவரின் சுமையைக் குறைக்கும் எந்தப் புதுமையும், அது பாடுபவர் தலையில் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் செய்யப்படவேண்டும்.

வாசல். இதுதான் ஐந்திலும் கடினமானது. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தன் சொத்தைச் செலவழித்துக் கட்டி 1926-இல் குடமுழுக்கு நடத்தினார். கட்டியவர் பெண். தேவதாசி மரபில் வந்தவர். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் விண்ணப்பம் எழுதிக் காத்துக்கொண்டிருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு ஆராதனையை அங்கேயே நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் பிரிந்து கிடந்த தரப்புகள் ஒன்றுசேர்ந்தபோது பெண்களுக்கும் இடம் கிடைத்தது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அப்போது நிலைபெற்றது. இன்று டி.வி.யில் பார்க்கிறோமே, தரையில் வரிசையாக உட்கார்ந்து பெரிய வித்துவானும் கத்துக்குட்டியும் ஒரே பாட்டைப் பாடுவது, அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

2015-இல் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. குப்பத்து மக்களும், சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும், டி.எம். கிருஷ்ணாவும், இன்னும் பலரும் சேர்ந்து நடத்தியது. ஒரே மேடையில் கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், கூத்து, வில்லுப்பாட்டு. பின்னாளில் சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாறி மற்ற இடங்களுக்கும் போனது.

இந்த விழாவைப் பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும்: "குப்பத்துக்காரர்கள் கேட்டார்களா கர்நாடக சங்கீதத்தை?" கேள்வியே கோணலாக இருக்கிறது. உயர்ந்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர்கள் வாங்கிக்கொண்டார்களா என்று கேட்கிற தொனி அதில் இருக்கிறது. விழாவின் வடிவமைப்பு அப்படி இல்லை. மயிலாப்பூர் ரசிகர் செருப்பைக் கழற்றி மணலில் உட்கார்ந்து பறையை ஒரு முழு உருப்படியாகக் கேட்கவேண்டும் என்பதும் அதில் பாதி. அவர் அந்த ஊருக்குள் அதற்கு முன் கால்வைத்ததே இல்லாமல் இருக்கலாம். பெசன்ட் நகர் வீட்டுக்கும் குப்பத்துக்கும் நடுவே நடந்தே போகிற தூரம்தான். அந்தத் தூரத்தை ஒரு விழா வெளிச்சம் போட்டுக் காட்டியது. வருஷத்துக்கு ஒரு மாலையில் சாதி மறைந்துவிடாது என்று சொல்கிறவர்கள் சொல்வதும் சரிதான். ஒரு மாலைக்கு அவ்வளவு பெரிய வேலையைக் கொடுக்கக் கூடாது. அந்த மாலைக்குப் பிறகு சபா மேடைகளில் யார் ஏறுகிறார்கள் என்பதுதான் உண்மையான அளவுகோல்.

2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' இந்த வழியில் இன்னொரு படி. கபேர் வாசுகியின் எளிய சென்னைத் தமிழ் வரிகளுக்கு ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக இசை அமைத்தார். கிருஷ்ணா எண்ணூரில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் தெரிய நின்று பாடினார். கர்நாடக இசையின் இலக்கணம் எதுவும் அதில் மீறப்படவில்லை. எதைப் பற்றிப் பாடலாம், எங்கே நின்று பாடலாம் என்பது மாறியது.

எது நிலைப்பதில்லை?

கீபோர்டு சேர்ப்பது, டிரம்ஸ் சேர்ப்பது, நீல விளக்கு போடுவது, இதெல்லாம் கூடாது என்று சொல்ல வரவில்லை. வயலினே சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் வெளியிலிருந்து வந்ததுதான். மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸும், சாக்ஸபோனை கத்ரி கோபால்நாத்தும் உள்ளே கொண்டுவந்தார்கள். அவை நிலைத்ததற்குக் காரணம், கமகத்தைப் பேச வைக்கும் அளவுக்கு அவர்கள் அந்த வாத்தியத்தை வழிக்குக் கொண்டுவந்தார்கள். கேட்பவருக்கும் இசைக்கும் உள்ள உறவை மாற்றாமல், மேடைக்கு மேல் பூச்சு மட்டும் பூசினால் அது அந்த ஒரு மாலைக்குக் கூட்டம் சேர்க்கும். அந்தக் கூட்டம் அடுத்த மாதம் ஒரு தோடி கேட்க வராது.

நாகஸ்வரத்தின் கணக்கு

இந்த ஐந்து பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒரு வாத்தியம் இருக்கிறது. நாகஸ்வரம். ராக ஆலாபனையின் இலக்கணத்தைக் கற்றுக்கொள்ள வாய்ப்பாட்டுக்காரர்களே போய் உட்கார்ந்து கேட்ட வாத்தியம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றிப் பேசாத பழைய ரசிகர் கிடையாது. திமிரி நாகஸ்வரத்தைவிட நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு செய்வித்து மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். அதாவது, கச்சேரி அரங்கத்துக்கு ஏற்றபடி வாத்தியத்தையே மாற்றிப் பார்த்தார்.

ஆனாலும் சபா ஏற்பாடு நாகஸ்வரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. காரணங்களை வரிசையாகப் போட்டால் ஐந்து பாகங்களும் வந்துவிடும். ஒலி: திறந்த வெளிக்கான நாதம், நாலு சுவருக்குள் தவிலோடு சேரும்போது காதைத் துளைக்கிறது. வரிசை: கீர்த்தனையை நடுவில் வைத்த பத்ததியில் நெடிய ஆலாபனைக்கு இடம் குறைவு. நேரம்: விழாவின் தொடக்க மங்கல இசை என்று ஒதுக்கிவிட்டார்கள், அப்போது நாற்காலிகள் பாதி காலி. கட்டணம்: கோயில் வருமானம் சுருங்கிவிட்டது, கல்யாணத்தில் பேச்சு சத்தத்துக்கு நடுவே வாசிக்கவேண்டும். வாசல்: நாகஸ்வரக்காரர்கள் பெரும்பாலும் இசைவேளாளர் சமூகத்தையும் பிற பிராமணரல்லாத சமூகங்களையும் சேர்ந்தவர்கள், சபா நிர்வாகமும் பார்வையாளர்களும் பெரும்பாலும் பிராமணர்கள். இதில் எந்த ஒன்றையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரு கதவு மாதிரி மூடிக்கொண்டன.

அந்தக் கதவுக்கு வெளியே என்ன நின்றுபோனது என்றால், பல மணி நேரம் ஒரே ராகத்தை வாசிக்கும் வித்தை. கேட்க ஆள் இல்லாத வித்தையை யாரும் மகனுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். புதுமையான விழா பற்றிப் பேசும்போது எனக்குக் கவலையாக இருப்பது இந்த இடம்தான். அரங்கத்தில் இளைஞர்கள் குறைவது ஒரு பிரச்சினை. ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகக்கூடிய அறிவு வேறு பிரச்சினை, அதற்கு அவகாசம் குறைவு.

இதற்கு என்ன மாதிரி விழா வேண்டும்? நாகஸ்வரத்தை ஏ.சி. அரங்கத்துக்குள் இன்னும் ஒரு தடவை கொண்டுவந்து மைக் வைப்பது உதவாது. குளக்கரை வேண்டும், அல்லது நாலு மாட வீதி. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி நேரக் கெடு இல்லாமல் ஒரே ராகம். மைக் வேண்டாம். ஜனங்க நடக்கலாம், உட்காரலாம், நடுவில் டீ குடிக்கலாம். சன்மானம் ஒரு முன்னணிப் பாடகருக்குக் கொடுப்பதற்குச் சமமாக இருக்கவேண்டும். முன்கூட்டியே, கையில். இது பழையதற்குத் திரும்புவது போலத் தோன்றும். இன்றைய சென்னையில் இதைவிடப் புதிய கச்சேரி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நடத்த நினைப்பவர்களுக்கு

எனக்கு அவ்வப்போது கடிதம் எழுதும் இளம் அமைப்பாளர்கள் சிலர், "எங்க காலேஜில், எங்க தெருவில் ஏதாவது செய்யணும், எங்கிருந்து தொடங்கலாம்" என்று கேட்கிறார்கள். என் பதில் சின்னது. ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் உட்காரும் ஒரு கூடம் இருந்தால் மைக்கை எடுத்துவிடுங்கள், வீணைக்காரர் ஒருத்தரைக் கூப்பிடுங்கள். பெரிய அரங்கம் கிடைத்தால் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் இடைவேளை விடுங்கள். பணம் இருந்தால் விளக்குக்குச் செலவழிக்காமல், மத்தியானம் பாடும் பிள்ளைக்கும் அவருடைய பக்கவாத்தியக்காரர்களுக்கும் கொடுங்கள். மூன்று தடவையாவது அதே இடத்தில், அதே மாதிரி நடத்துங்கள். முதல் தடவை வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாவது தடவையும் வந்தார்கள் என்று பெயர் எழுதி எண்ணுங்கள். கைதட்டலையும் செல்ஃபியையும் எண்ணவேண்டாம்.

அப்படி யாராவது நடத்தி, அந்த எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். நன்றாக வந்திருந்தாலும் சரி, சொதப்பியிருந்தாலும் சரி. அடுத்த குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.